‘இல்’ இடம் மாறிய கதை: திரும்பப் பெறப்பட்ட ஒரு காவல்துறை ஆய்வுக் கட்டுரையின் எழுத்தை மதிப்பிட்டுப் பார்த்தபோது

ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்து இதன் எழுத்துத் தரத்தை மதிப்பிடுங்கள் என்று கேட்டால், என்னிடம் வரும் ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். நடை தெளிவாக இருக்கிறது, சில வாக்கியங்கள் நீளம், இரண்டு எழுத்துப்பிழை, மேற்கோள் முறை சரி. அவ்வளவுதான். ஆய்வு முறையைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிறவர்கள்கூட எழுத்து என்று வந்துவிட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள், ஏதோ ஆய்வெல்லாம் முடிந்த பிறகு மேலே பூசுகிற சுண்ணாம்பு போல. எனக்கு இதில் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. அதைச் சும்மா சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் ஒவ்வொரு வருடமும் ஒரே கட்டுரையை எடுத்து வகுப்பில் வைக்கிறேன். கணக்கு தப்பாகாமல், டேட்டா போலியாகாமல், ஒரு வாக்கியம் தப்பாகிப்போனதில் தொடங்கி, கடைசியில் அதை எழுதியவர்களே திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரை அது.

2019 ஜூலையில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில், அதாவது எல்லோரும் பி.என்.ஏ.எஸ். என்று சொல்லும் இதழில், அது வெளிவந்தது. உயிர்ப்பலியில் முடிந்த போலீஸ் துப்பாக்கிச்சூடுகளில் அதிகாரிகளின் தன்மைகளும் இன ஏற்றத்தாழ்வுகளும் என்பது தலைப்பின் சாரம். முதல் ஆசிரியர் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், மூத்த ஆசிரியர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோசஃப் சிசாரியோ, கூடவே இன்னும் மூன்று பேர். உளவியல் துறைக்காரர்கள். 2020 ஜூலையில், சரியாக ஒரு வருடத்துக்குள், கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

முதலில் அவர்கள் செய்த வேலையை மரியாதையோடு சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய வேலை. அமெரிக்காவில் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன, ஊர் போலீஸ், கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) ஷெரீஃப், மாநில போலீஸ் என்று தனித்தனியாக. போலீஸ் ஒருவரைச் சுட்டுக் கொன்றால் அதை மத்திய அரசிடம் கட்டாயமாகச் சொல்ல வைக்கிற ஏற்பாடு ஒழுங்காக நடந்ததே இல்லை. 2014 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்து ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டில் வருடத்துக்கு இப்படி எத்தனை பேர் சாகிறார்கள் என்ற எளிய கேள்விக்கே பதில் இல்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. அப்புறம் வாஷிங்டன் போஸ்ட், கார்டியன் என்ற இரண்டு பத்திரிகைகள் 2015 முதல் ஒவ்வொரு சாவையும் எண்ண ஆரம்பித்தன. அந்தப் பட்டியல்களிலும் செத்தவரைப் பற்றிய விவரம்தான் இருக்கும், சுட்டவரைப் பற்றி ஒன்றும் இருக்காது. ஜான்சன் குழு அந்தப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு, 650க்கும் மேற்பட்ட போலீஸ் அமைப்புகள் சம்பந்தப்பட்ட 2015ஆம் வருடச் சம்பவங்களில் சுட்ட அதிகாரி யார், என்ன இனம், எத்தனை வருட அனுபவம் என்று தேடித் திரட்டியது. மொத்தம் 917 சம்பவங்கள். கொல்லப்பட்டவர்களில் 55 சதவீதம் வெள்ளையர், 27 சதவீதம் கறுப்பினத்தவர், 19 சதவீதம் ஹிஸ்பானியர், அதாவது லத்தீன் அமெரிக்க அல்லது ஸ்பானிய வம்சாவளியினர் (முழு எண்ணாக்கியதில் ஒன்று கூடியிருக்கிறது). அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 சதவீதம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி எழுத்துக்கு வருவோம்.

பி.என்.ஏ.எஸ். கட்டுரைகளில் அப்ஸ்ட்ராக்ட் என்ற வழக்கமான ஆய்வுச் சுருக்கம் போக இன்னொரு சிறு பத்தி இருக்கும். துறைக்கு வெளியே இருக்கிற படித்த வாசகருக்கு இந்த ஆய்வு ஏன் முக்கியம் என்று 120 சொற்களுக்குள் சொல்ல வேண்டிய பத்தி. நான் எந்தக் கட்டுரையை மதிப்பிட்டாலும் இந்த மாதிரிச் சுருக்கப் பத்தியைத்தான் முதலில் எடுக்கிறேன், மிகக் கடுமையாகவும் அதைத்தான் படிக்கிறேன். காரணம் எளியது. பத்திரிகைக்காரர் இதைப் படிப்பார். அரசியல்வாதியின் உதவியாளர் இதைப் படிப்பார். பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு எழுதுகிறவர் இதிலிருந்துதான் ஆரம்பிப்பார். உள்ளே ஆறு பக்கத்தில் இருக்கிற அட்டவணைகளைப் பார்க்கிறவர்கள் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். ஆகவே எழுத்தின் பாரம் முழுக்க அந்த 120 சொற்களின் மேல்தான் விழுகிறது.

அந்தப் பத்தியில் ஆறு வாக்கியங்கள். முதல் மூன்றும் ஒழுங்கானவை. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இன ஏற்றத்தாழ்வு பற்றிய கவலை பரவலாக இருக்கிறது, ஏற்கெனவே உள்ள பட்டியல்களில் அதிகாரிகளைப் பற்றிய விவரம் இல்லை, நாங்கள் ஒரு பட்டியல் உருவாக்கிக் கொல்லப்பட்டவரின் இனத்தை முன்கணித்தோம் என்று போகிறது. நான்காவது வாக்கியத்தின் பிற்பகுதிதான் விஷயம். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வெள்ளை அதிகாரிகள் சிறுபான்மை இனத்தவரைச் சுடும் வாய்ப்பு, வெள்ளையரல்லாத அதிகாரிகள் சுடும் வாய்ப்பைவிட அதிகமாக இல்லை.

படிக்க எவ்வளவு தெளிவு பாருங்கள். குழப்பமான சொல் ஒன்றுகூட இல்லை. எழுத்துத் தரம் என்றால் எளிமை, சுருக்கம், தெளிவு என்று பாடப்புத்தகம் சொல்கிறபடி மார்க் போட்டால் இந்த வாக்கியத்துக்கு முழு மார்க். ஆனால் இதைச் சொல்ல அவர்களிடம் டேட்டாவே கிடையாது.

ஏன் கிடையாது என்பதை வகுப்பில் விளக்க நான் கிரிக்கெட்டைத்தான் பிடித்துக்கொள்கிறேன். ஊர்த் திருவிழா டோர்னமென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அம்பயர். ஒருவர் எதிரணி ஊர்க்காரர், இன்னொருவர் மூன்றாம் ஊர்க்காரர். தொடர் முழுக்க முதல் அம்பயர் 20 எல்.பி.டபிள்யூ. கொடுத்திருக்கிறார், அதில் நம் பையன்கள் 10 பேர், எதிரணி 10 பேர். இரண்டாவது அம்பயரும் 20 கொடுத்திருக்கிறார், நம்மவர் 10, அவர்கள் 10. ஸ்கோர் புத்தகத்தில் அவுட் ஆனவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர், எதிரணி ஊர்க்கார அம்பயர் நம் பையன்களுக்கு அவுட் கொடுக்கும் வாய்ப்பு ஒன்றும் அதிகமாக இல்லை என்று எழுதுகிறார். சரியாகத்தானே தெரிகிறது?

இப்போது அப்பீல் கணக்கு எழுதி வைத்த நோட்டு ஒன்று கிடைக்கிறது. முதல் அம்பயரிடம் நம் பையன்களுக்கு எதிராக அப்பீல் எழுந்தது 12 தடவை, எதிரணிக்கு எதிராக 60 தடவை. அப்படியானால் நமக்கு 12இல் 10 அவுட், அவர்களுக்கு 60இல் 10 அவுட். இரண்டாவது அம்பயரிடம் இரண்டு பக்கமும் 40 அப்பீல், 40இல் 10. அவுட் பட்டியலில் இரண்டு பேரும் அச்சு ஒன்றாகத்தான் தெரிந்தார்கள். அப்பீல் நோட்டு வந்ததும் ஒருவர் செய்தது அப்பட்டமான அநியாயம் என்று தெரிகிறது. அவுட் பட்டியலை எத்தனை முறை, எவ்வளவு நுட்பமான புள்ளியியலால் அலசினாலும் இது தெரிய வராது, ஏனென்றால் தேவையான எண் அந்தப் பட்டியலுக்குள் இல்லவே இல்லை.

ஜான்சன் குழுவிடம் இருந்தது அவுட் பட்டியல். 917 சம்பவங்களும் சாவில் முடிந்தவை. வெள்ளை அதிகாரிகள் அந்த வருடம் எத்தனை கறுப்பினத்தவரை நிறுத்தி விசாரித்தார்கள், கறுப்பின அதிகாரிகள் எத்தனை வெள்ளையரை எதிர்கொண்டார்கள், அவற்றில் எத்தனை சந்திப்புகள் சுடாமலேயே முடிந்தன என்ற அப்பீல் நோட்டு அவர்களிடம் இல்லை. அமெரிக்காவில் அதை நாடு முழுக்க யாரும் ஒழுங்காக எழுதி வைப்பதும் இல்லை. பிரின்ஸ்டனில் இருந்த டீன் நாக்ஸ், ஜோனத்தன் மம்மோலோ என்ற இரண்டு அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 2020 ஜனவரியில் அதே இதழில் வெளிவந்த சிறு கடிதத்தில் சுட்டிக்காட்டியது இதைத்தான். அவர்களும் எண்களை வைத்து ஓர் உதாரணம் காட்டினார்கள், ரொம்ப எளிய கணக்கு, பத்தாம் வகுப்புப் பையனுக்குப் புரியும்.

இந்த இடத்தில் நம் மொழி ஒரு பெரிய உதவி செய்கிறது என்பது நான் மாணவர்களோடு உட்கார்ந்து கண்டுகொண்ட விஷயம். ஒருமுறை அந்த ஆங்கில வாக்கியத்தைப் போர்டில் எழுதிவிட்டு, இதில் என்ன தப்பு என்று கேட்டேன். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. சட்டம் படித்துவிட்டுக் குற்றவியலுக்கு வந்த ஒரு மாணவி, “சார், தமிழ்ல எழுதிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டு எழுந்து வந்து இரண்டு வரி எழுதினார்.

சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் கறுப்பினத்தவர் எத்தனை பேர்?

கறுப்பினத்தவர்களில் சுட்டுக் கொல்லப்பட்டவர் எத்தனை பேர்?

“இவங்க கேட்டது முதல் கேள்வி சார். பதில் எழுதினது ரெண்டாவது கேள்விக்கு” என்றார். அவ்வளவுதான், வகுப்பு முழுக்கப் புரிந்துவிட்டது. ‘இல்’ என்ற ஏழாம் வேற்றுமை உருபு எந்தச் சொல்லின் முதுகில் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். அது ஒட்டிய சொல்தான் மொத்தக் கூட்டம், எண்ணிக்கை அதற்குள்ளிருந்துதான் எடுக்கப்படுகிறது. புள்ளியியல் புத்தகங்களில் நிபந்தனை நிகழ்தகவு என்ற பெயரில் ஒரு அத்தியாயமே இதற்குத்தான் போகிறது, ஆனாலும் வாக்கியமாக எழுதும்போது கைதேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் முதல் வகை வாக்கியம் வாயில் நுழையாது, இரண்டாம் வகை இயல்பாக வந்துவிடும். போலீஸ் யாரைச் சுடும் என்று கேட்பதுதான் மனித வழக்கம். சுடப்பட்டுக் கிடப்பவர் யாராக இருக்கக்கூடும் என்று யாரும் பேச்சில் கேட்பதில்லை.

2020 ஏப்ரலில் ஆசிரியர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். அந்த வாக்கியம் இப்படி இருந்திருக்க வேண்டும் என்றார்கள்: உயிர்ப்பலியில் முடிந்த ஒரு துப்பாக்கிச்சூட்டில் ஈடுபட்ட அதிகாரிகளில் வெள்ளையரின் பங்கு கூடக் கூட, சுட்டுக் கொல்லப்பட்டவர் சிறுபான்மை இனத்தவராக இருக்கும் வாய்ப்பு கூடவில்லை. சுற்றி வளைத்த, மூச்சு வாங்க வைக்கிற வாக்கியம். ஆனால் இது உண்மை. முதல் வாக்கியம் அழகு, இது உண்மை. எழுத்துத் தரம் என்ற தலைப்பின் கீழ் இந்த இரண்டில் எதற்கு அதிக மார்க் போடுகிறோம் என்பதில்தான் மதிப்பீட்டாளர் யார் என்பது தெரியும். அந்த அழகை இழக்காமலே உண்மையைச் சொல்ல முடியுமா என்பதை முடிவில் முயன்று பார்க்கிறேன்.

அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அப்ஸ்ட்ராக்டை எடுத்துக்கொள்வோம். கட்டமைப்பு நல்லது. பழைய ஆய்வுகளில் இரண்டு சிக்கல், அதற்கு எங்கள் வழி, எங்கள் மூன்று முடிவுகள் என்று எண் போட்டு வருகிறது. மூன்றாவது முடிவில், ஆயுதமில்லாதவர்களைச் சுட்டது, போலீஸ் கையால் சாக வேண்டும் என்றே வந்து நின்றவர்களைச் சுட்டது போன்ற உட்பிரிவுகளில் டேட்டா போதவில்லை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று நேர்மையாக ஒத்துக்கொள்கிறார்கள். இது நல்ல எழுத்து. கடைசியில் போலீஸ், பொதுமக்கள் இரு தரப்பு விவரங்களையும் பதிவு செய்கிற மத்திய விதிகளை அமல்படுத்த வேண்டும் என்கிறார்கள், அதுவும் சரியான கோரிக்கை.

ஆனால் நடுவில் ஒரு வினைச்சொல் வருகிறது. எந்த அளவுகோலோடு ஒப்பிடுவது என்ற சண்டையை எங்கள் முறை ஒதுங்கிக் கடந்துவிடுகிறது என்கிறார்கள். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் 13க்கு 27 என்று கறுப்பினத்தவர் பங்கு இரட்டிப்புக்கு மேல் தெரியும், குற்றக் கணக்கோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி சுருங்கும் அல்லது மறையும், எது சரியான அளவுகோல் என்று பல வருடமாக ஆய்வாளர்களுக்குள் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டை பாதையில் கிடக்கிற கல் இல்லை, ஒதுங்கிப் போவதற்கு. கறுப்பினத்தவர் அதிகம் சுடப்படுகிறார்களா என்ற கேள்வியைக் கேட்கிற யாரும் எத்தனை பேரில் என்று சொல்லியே ஆக வேண்டும். அளவுகோலை ஒதுக்கினால் அந்தக் கேள்வியும் கூடவே ஒதுங்கிவிடுகிறது. வேறொரு கேள்விதான் மிஞ்சுகிறது. அதைச் சொல்லாமல் பழைய கேள்விக்கே பதில் கண்டுவிட்ட மாதிரி மேலே போனதற்கு இந்த ஒரு வினைச்சொல் வழி விட்டது. என்னைக் கேட்டால் தவறு முதலில் பிறந்த இடம் இதுதான், நான்காவது வாக்கியம் அதன் விளைவு.

‘விளக்கப்படுகிறது’ என்ற சொல்லும் அப்படித்தான். கறுப்பின அல்லது ஹிஸ்பானிய அதிகாரிகளின் பங்கு கூடும்போது கொல்லப்பட்டவரும் அந்த இனத்தவராக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அந்த வேறுபாடு கவுன்ட்டியின் மக்கள்தொகை அமைப்பால் விளக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். கறுப்பினத்தவர் அதிகம் வாழும் இடத்தில் போலீஸிலும் அவர்கள் அதிகம், கொல்லப்படுகிறவர்களிலும் அவர்கள் அதிகம், அவ்வளவுதான் சங்கதி. புள்ளியியல்காரருக்கு இந்தச் சொல், அந்த மாறியைச் சமன்பாட்டில் சேர்த்ததும் வேறுபாடு கரைந்துவிட்டது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. வெளி வாசகருக்கோ காரணம் கண்டுபிடித்தாயிற்று என்று பொருள். துறைக்குள் ஒரு பொருள், தெருவில் ஒரு பொருள் கொண்ட சொல்லைத் தெருவில் இருப்பவருக்காக எழுதும் பத்தியில் போடும்போது இரண்டு சொல் கூடுதலாகச் செலவழித்துத்தான் ஆக வேண்டும். முன்கணித்தல் என்ற சொல்லுக்கும் இதே கதி.

‘ஆதாரம் எதையும் நாங்கள் காணவில்லை’ என்பது இன்னொன்று. தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்பதும் பொருள் அங்கே இல்லவே இல்லை என்பதும் வேறு வேறு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பத்தியிலோ இந்தச் சொற்றொடருக்கு அடுத்ததாக வெள்ளை அதிகாரிகள் பற்றிய தவறான வாக்கியம், அதற்கடுத்து இனவாரியான குற்ற விகிதம்தான் கொல்லப்பட்டவரின் இனத்தை வலுவாக முன்கணிக்கிறது என்ற வாக்கியம், அதற்கும் அடுத்து, போலீஸில் பல இனத்தவரைச் சேர்ப்பதால் மட்டும் துப்பாக்கிச்சூட்டில் உள்ள இன ஏற்றத்தாழ்வு குறைய வாய்ப்பில்லை என்ற கொள்கை முடிவு. நான்கையும் வரிசையாகப் படிக்கிறவர் மனதில் ‘இல்லை’ என்பதுதான் பதியும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே சோதித்தால் போதாது, அடுத்தடுத்து வைக்கும்போது அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதும் எழுத்துத் தரத்தின் கணக்கில்தான் வரும். கறுப்பின அதிகாரிகளை வேலைக்கு எடுத்துப் பயனில்லை என்ற அளவுக்குப் போகக்கூடிய ஒரு கொள்கை முடிவை இவ்வளவு மெலிந்த அடிப்படையின் மேல் நிறுத்தியது எனக்கு இன்றைக்கும் வருத்தமாகவே இருக்கிறது.

அப்புறம் தலைப்பில் உள்ள ஒரு தொடர். சுட்டது யார் என்று சொல்லாமல், அதிகாரி சம்பந்தப்பட்ட துப்பாக்கிச்சூடு என்று சொல்வது அமெரிக்கப் போலீஸின் அலுவலக மொழி. துப்பாக்கி தானாக வெடித்தது போலவும் பக்கத்தில் ஓர் அதிகாரி நின்றிருந்தது போலவும் ஒலிக்கும். ஆய்வாளர்கள் அதை அப்படியே எடுத்து, ‘உயிர்ப்பலியில் முடிந்த, அதிகாரி சம்பந்தப்பட்ட துப்பாக்கிச்சூடு’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் எஃப்.ஓ.ஐ.எஸ். என்று சுருக்கிக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். துறையில் அதுதான் வழக்கம், அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நம் ஊர்ச் செய்திகளில் என்கவுன்ட்டர் என்ற சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது, சந்திப்பு என்று பொருள்படும் சொல் கொலைக்குப் பெயராகிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆராய்கிற அமைப்பின் மொழியிலேயே ஆய்வை எழுதினால், வாக்கியத்தின் எழுவாய் காணாமல் போவது கண்ணில் படாது. இந்தக் கட்டுரையின் சிக்கலே யார் யாரைச் சுடுகிறார் என்ற எழுவாய், செயப்படுபொருள் சிக்கல்தான் என்பதால் இதைச் சின்ன விஷயமாக என்னால் விட முடியவில்லை.

அந்த வாக்கியம் எங்கெல்லாம் போனது என்று பார்த்தால்தான் அதன் எடை தெரியும். 2019 செப்டம்பரில் அமெரிக்கக் கீழவையின் நீதித்துறைக் குழு முன்னால் ஹெதர் மெக்டொனால்டு என்ற எழுத்தாளர் சாட்சியம் அளித்தபோது இந்த ஆய்வைக் காட்டினார். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ் அதிகாரியின் முழங்காலுக்கு அடியில் இறந்தார், நாடு கொந்தளித்தது. ஜூன் தொடக்கத்தில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் அமைப்பு ரீதியான போலீஸ் இனவெறி என்பதே கட்டுக்கதை என்று மெக்டொனால்டு எழுதிய கட்டுரையிலும் இதே ஆய்வு வந்தது. கவனியுங்கள், திருத்தம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆனால் முதல் வாக்கியம் ஏற்கெனவே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டிருந்தது, திருத்திய வாக்கியமோ நாக்கில் நிற்காத வாக்கியம். மெக்டொனால்டு தவறாகப் படித்தார் என்று அவர் மேல் முழுப் பழியும் போட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய முடிவுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் அந்தச் சுருக்கப் பத்தி சொன்னதைத்தான் அவர் எடுத்துச் சொன்னார்.

ஜூலையில் ஆசிரியர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இங்கேதான் இரண்டாவது எழுத்துச் சறுக்கல். முதலில் அவர்கள் வெளியிட்ட விளக்கத்தில், எங்கள் டேட்டாவும் புள்ளியியலும் நாங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்குச் சரியானவை, ஆனால் கட்டுரை தொடர்ந்து தவறாகப் பயன்படுத்தப்படுவதால் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதி, மெக்டொனால்டின் கட்டுரைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். படித்தவுடன் என்ன தோன்றும்? ஆய்வில் தப்பில்லை, பிடிக்காத ஆள் மேற்கோள் காட்டினார் என்பதற்காகப் பின்வாங்குகிறார்கள் என்றுதான். அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு, நான் மேற்கோள் காட்டியதால் ஆய்வைக் கைவிட்டுவிட்டார்கள் என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலிலேயே எழுதினார். அறிவியல் அரசியலுக்குப் பணிந்துவிட்டது என்று ஒரு கூட்டம் பேச ஆரம்பித்தது. அப்புறம்தான் ஆசிரியர்கள் விளக்கத்தை மாற்றி எழுதினார்கள். இதழில் இருக்கிற இறுதி அறிவிப்பில் மெக்டொனால்டின் பெயர் இல்லை. சுடப்படும் வாய்ப்பைப் பற்றி நாங்கள் தவறாகச் சொன்னோம், எங்கள் கட்டுரையில் எடுத்த முடிவுகளில் போதிய கவனம் காட்டாததற்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், எங்கள் டேட்டா ஒருவர் சுடப்படும் வாய்ப்பில் உள்ள இன வேறுபாட்டைப் பற்றிப் பேசப் போதுமானதில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த இறுதி அறிவிப்பை நான் மாணவர்களுக்கு நல்ல எழுத்தின் மாதிரியாகவே காட்டுகிறேன். நாங்கள் கேட்டது எது, கேட்காதது எது, எங்கள் டேட்டா எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, தப்பு யாருடையது என்று ஒவ்வொன்றுக்கும் எழுவாய் இருக்கிறது, ஒளிந்துகொள்ள இடம் வைக்கவில்லை. அந்தப் பத்தியில் பாதியை 2019 ஜூலையிலேயே கட்டுரையில் வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். திரும்பப் பெற்றது அவசியமா, திருத்தம் போதாதா என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து, போதாது. மையமான வாக்கியம் போனால் தலைப்புச் செய்தி போகிறது, கொள்கை முடிவு போகிறது, கட்டுரையின் வாதமே வேறாகிறது. 917 சம்பவங்களின் டேட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதியிருக்க வேண்டும்.

வெளியிடும் முன் கட்டுரையைப் படித்து மதிப்பிடும் ரிவ்யூவர்கள் எப்படி விட்டார்கள் என்ற கேள்வி எப்போதும் வரும். உள்ளே என்ன நடந்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. பொதுவாக ரிவ்யூவரின் கவனம் முறை, அட்டவணை, பின்னிணைப்பு இவற்றில் கரைந்துவிடும், சுருக்கப் பத்திக்கு வரும்போது முழுக் கட்டுரையும் அவர் மனதில் இருப்பதால் அதில் இல்லாத நிபந்தனைகளை அவரே நிரப்பிப் படித்துவிடுவார். இது என் அனுபவமும்தான். நானே ஒரு மாணவரின் கட்டுரையில், விபத்தில் இறந்தவர்களில் ஹெல்மெட் போடாதவர் பங்கைக் கணக்கிட்டுவிட்டு ஹெல்மெட் போடாதவர் இறக்கும் வாய்ப்பு என்று எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஹெல்மெட் போடாதவர் சாலையில் எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணே அந்தக் கட்டுரையில் இல்லை. அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சுருக்கப் பத்தியை முதலில், வேறெதையும் படிக்காமல், தனித்தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு விகிதத்துக்கும் வாய்ப்புக்கும் பக்கத்தில் பென்சிலால் எதில் எது என்று எழுதுவேன். பிறகு அட்டவணையைத் திறந்து அந்த விகிதத்தின் கீழ்ப்பகுதி எண், அதாவது மொத்தக் கூட்டம், என்ன என்று பார்ப்பேன். இரண்டும் பொருந்தவில்லை என்றால் மேற்கொண்டு படிப்பதற்கு முன்னாலேயே திருப்பி அனுப்பிவிடுவேன்.

மார்க் என்று கேட்டால், இந்தக் கட்டுரையின் முறைப் பகுதிக்கும் டேட்டா விவரிப்புக்கும் பத்துக்கு எட்டு போடுவேன், அப்ஸ்ட்ராக்டுக்கு ஐந்து, சுருக்கப் பத்திக்கு ஒன்று. கூட்டிச் சராசரி எடுக்க மாட்டேன், வாசகர்கள் சராசரியைப் படிப்பதில்லை.

அவர்களிடம் இருந்த டேட்டாவை வைத்தே, அதே 120 சொல் எல்லைக்குள் அந்தப் பத்தியை வகுப்பில் நாங்கள் எழுதிப் பார்த்தோம். நான்கைந்து முறை அடித்துத் திருத்திய பிறகு நின்றது இது:

“2015இல் அமெரிக்கப் போலீஸ் சுட்டு உயிர் போன 917 சம்பவங்களில், சுட்ட அதிகாரிகளைப் பற்றிய விவரங்களை முதல்முறையாக விரிவாகத் திரட்டினோம். கொல்லப்பட்டவர்களில் எந்த இனத்தவர் எவ்வளவு என்பது, அந்தந்தக் கவுன்ட்டியில் எந்த இனத்தவர் எவ்வளவு வாழ்கிறார்கள், அங்கே வன்குற்றம் எப்படி இருக்கிறது என்பவற்றோடு பெரிதும் ஒத்துப்போகிறது. இவற்றைக் கணக்கில் எடுத்தபின், சுட்ட அதிகாரியின் இனம் கூடுதலாக எதையும் காட்டவில்லை. அதிகாரிகள் எந்த இனத்தவரை எத்தனை முறை எதிர்கொண்டார்கள், எத்தனை முறை சுடாமல் விட்டார்கள் என்ற விவரம் எங்களிடம் இல்லை. ஆகவே கறுப்பினத்தவரோ ஹிஸ்பானியரோ சுடப்படும் வாய்ப்பு அதிகமா இல்லையா என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமானால், சுடாமல் முடிந்த சந்திப்புகளையும் போலீஸ் பதிவு செய்ய வேண்டும்.”